லண்டன் – சிட்னி: 28 நாளிலிருந்து 19 மணி நேரம் வரை

ஒரு உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு நுனியை லண்டன் மேல் வைத்து, இன்னொரு நுனியை சிட்னி வரை இழுத்து இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூல் இந்தியா பக்கமே வராது! பால்டிக் கடல், ரஷ்யா, சீனா என்று வடக்கே வளைந்து போய், இந்தோனேசியத் தீவுகளைத் தாண்டி ஆஸ்திரேலியாவில் இறங்கும். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாமல்தான் இருக்கும். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி இப்படித்தான் வளைந்து போகும்.

அந்த நூலின் நீளம் சுமார் 17,000 கி.மீ. பூமியின் சுற்றளவில் பாதி என்பதே சுமார் 20,000 கி.மீ.தான். அதற்கு மேல் எந்த ஊரும் எந்த ஊருக்கும் தூரமாக இருக்க முடியாது. ஆக, லண்டனும் சிட்னியும் ஏறக்குறைய பூமியின் இரண்டு எதிர்முனைகள்.

தூரம் 1919-லும் அதேதான், இன்றும் அதேதான். ஆனால் பயண நேரம் 28 நாளிலிருந்து 19 மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. எப்படி? 'விமானத்தின் வேகம் கூடிவிட்டது' என்று உடனே பதில் வரும். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இந்த வழித்தடத்தின் நூறு வருடக் கதையில் இருக்கிறது.

10,000 பவுண்டு பந்தயம்

முதல் உலகப்போர் முடிந்த நேரம். ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹ்யூஸ் ஒரு பரிசு அறிவித்தார். ஆஸ்திரேலியர்கள் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் பறந்து வர வேண்டும். மொத்த நேரம் 720 மணி, அதாவது 30 நாளைத் தாண்டக்கூடாது. 1920 முடிவதற்குள் வந்து சேர வேண்டும். பரிசு 10,000 பவுண்டு.

ராஸ் ஸ்மித், அவருடைய அண்ணன் கீத் ஸ்மித், மெக்கானிக்குகள் ஜிம் பென்னட், வாலி ஷியர்ஸ் என்று நான்கு பேர் ஒரு விக்கர்ஸ் விமி விமானத்தில் கிளம்பினார்கள். குண்டு போடுவதற்காகச் செய்யப்பட்ட இரட்டை என்ஜின் விமானம் அது. மேலே கூரை கிடையாது. நவம்பர் மாதக் குளிரில், பனிமூட்டத்தில், முகத்தில் காற்று அறைய உட்கார்ந்து ஓட்ட வேண்டும். விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த பதிவு எழுத்துகள் ஜி-ஈஏஓயு. 'கடவுளே, எங்கள் எல்லோரையும் காப்பாற்று' என்பதன் சுருக்கம் அது என்று அவர்களே ஜோக் அடித்துக்கொண்டார்கள்.

1919 நவம்பர் 12 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் கிளம்பிய விமானம், டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கியது. 27 நாள் 20 மணி நேரம். அதாவது 668 மணி. கெடுவுக்கு இன்னும் 52 மணி நேரம் மிச்சம்!

இங்கேதான் சுவாரஸ்யமான கணக்கு ஒன்று இருக்கிறது. 17,911 கி.மீ. தூரத்தை அவர்கள் பறந்து கடந்த நேரம் 135 மணி 55 நிமிடம்தான். மீதி 532 மணி நேரம் விமானம் தரையில் நின்றது. பறக்கும்போது மணிக்கு சராசரி 132 கி.மீ. தரையில் நின்ற நேரத்தையும் சேர்த்து வகுத்தால் மணிக்கு 27 கி.மீ. ஒரு நல்ல சைக்கிள்காரரின் வேகம் அது.

ஏன் அவ்வளவு நேரம் தரையில்? பெட்ரோல் போட, என்ஜினைச் சரிபார்க்க, மழை நிற்க, தூங்க. இதைவிடப் பெரிய காரணம், வழியில் ஒழுங்கான விமான நிலையமே இல்லை. கல்கத்தாவில் அவர்கள் இறங்கியது குதிரைப் பந்தய மைதானத்தில். அங்கிருந்து கிளம்பும்போது ஒரு பருந்து வந்து விசிறியில் மோதியது. ஜாவாவில் சுரபாயாவில் விமானம் சேற்றில் புதைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் மேலே எழும்பியது. உலக சாதனை என்று நான்கு பேரின் பெயர் மட்டும் பதிவானது. பாய் விரித்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பரிசுப் பணத்தை நான்கு பேரும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பைலட்டுக்கு இவ்வளவு, மெக்கானிக்குக்கு இவ்வளவு என்று வித்தியாசம் பார்க்கவில்லை.

மற்றவர்கள்? அதே பந்தயத்தில் கிளம்பிய இரண்டு விமானங்கள் விபத்துக்குள்ளாகி நான்கு பேர் இறந்தார்கள். ஒன்று கிளம்பிய சில நிமிடங்களில் லண்டன் அருகிலேயே விழுந்தது. இன்னொன்று கிரீஸ் நாட்டின் கார்ஃபு தீவருகே கடலில் விழுந்தது. ஸ்மித் சகோதரர்களைத் தவிர டார்வின் வரை வந்து சேர்ந்தவர்கள் ரே பேரர், ஜான் மெக்கின்டாஷ் இருவர் மட்டும்தான். ஒற்றை என்ஜின் விமானத்தில் அவர்களுக்கு ஆன நேரம் 206 நாள்! கப்பலில் வந்திருந்தால் ஆறு வாரத்தில் வந்திருக்கலாம். ராஸ் ஸ்மித்தும் ஜிம் பென்னட்டும்கூட நீண்ட நாள் வாழவில்லை. 1922 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு புதிய விமானத்தைச் சோதித்தபோது விபத்தில் இருவரும் இறந்துபோனார்கள்.

ஓடுபாதை தேடிய ஃபோர்டு கார்

அந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ள ஆசைப்பட்டு முடியாமல் போனவர்கள் இரண்டு பேர். ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கின்னஸ். பணம் தருவதாகச் சொன்ன செல்வந்தர் இறந்துவிட்டதால் அவர்களுக்கு விமானம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அரசாங்கம் அவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. பந்தய விமானங்கள் டார்வினிலிருந்து உள்நாட்டுக்குள் வர வழியில் எங்கெங்கே இறங்கலாம் என்று இடம் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய ஃபோர்டு காரில் குயின்ஸ்லாந்தின் லாங்ரீச்சிலிருந்து டார்வின் நோக்கிப் போனார்கள். ரோடு கிடையாது. ஆற்று மணலிலும் புதரிலும் காரைத் தள்ளிக்கொண்டு 2,179 கி.மீ. போக 51 நாள் ஆனது. ஸ்மித் சகோதரர்கள் டார்வினில் இறங்கியபோது ஃபிஷ் அங்கேதான் இருந்தார்.

பந்தயத்தில் பறக்க முடியாதவர்களுக்கு அந்த 51 நாள் ஒரு விஷயத்தைப் புரிய வைத்தது. ரோடே இல்லாத இந்த ஊர்களுக்கு விமானம் ஆடம்பரம் இல்லை, அவசியம். மறுவருடம், 1920 நவம்பர் 16 அன்று ஒரு சிறிய கம்பெனி பதிவானது. 'குயின்ஸ்லாந்து அண்ட் நார்தர்ன் டெரிட்டரி ஏரியல் சர்வீசஸ்'. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் குவாண்டாஸ்!

பாதி விமானம், பாதி ரயில்

பந்தயம் வேறு, வாராவாரம் ஓடும் சர்வீஸ் வேறு. பந்தயத்தில் ஒரு தடவை ஜெயித்தால் போதும். சர்வீஸ் என்றால் ஒவ்வொரு வாரமும் ஜெயிக்க வேண்டும், அதுவும் நஷ்டமில்லாமல்.

அதற்குப் பதினைந்து வருடம் ஆனது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸும் 1934-ல் கூட்டு சேர்ந்தன. முதலில் தபால், பிறகு பயணிகள். 1935 ஏப்ரலில் பிரிஸ்பேனிலிருந்து லண்டன் வரை பயணிகள் சர்வீஸ் தொடங்கியது. பயண நேரம் 12½ நாள். ஒரே விமானம் கிடையாது. வழியில் பல விமானம் மாற வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் பாரிஸுக்கும் இத்தாலியின் பிரிண்டிசிக்கும் இடையே பயணிகள் ரயிலில்தான் போனார்கள். விமான டிக்கெட் வாங்கியவர்கள் ரயிலில்! இத்தாலி தன் வான்வெளியில் அந்த சர்வீஸுக்கு இடம் கொடுக்காததுதான் காரணம். வானத்தில் கோடு எதுவும் தெரியாவிட்டாலும் எல்லை இருக்கிறது. இது இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

1938-ல் நீரில் இறங்கும் விமானங்கள் வந்தன. கீழ்ப்பகுதி படகு மாதிரி இருக்கும். சிட்னியின் ரோஸ் பே முதல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் வரை ஒன்பது, பத்து நாள். ஓடுபாதை வேண்டாம், ஏரியோ ஆறோ இருந்தால் போதும். அதனால் நம் நாட்டில் குவாலியர் ஏரியும், கல்கத்தாவில் ஹூக்ளி நதியும் சர்வதேச விமான நிலையங்கள் ஆயின. பகலில் மட்டும் பறப்பு, ராத்திரி ஹோட்டலில் தூக்கம். ஒரு விமானத்தில் போனவர்கள் பதினைந்து பேர் அளவுதான். பணக்காரர்கள், அதிகாரிகள். மற்றவர்கள் எல்லோருக்கும் கப்பல்தான்.

இரண்டு சூரிய உதயம்

பிறகு இரண்டாம் உலகப்போர். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி போனது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அதோடு இந்த வழித்தடம் நடுவில் வெட்டுப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே விமானத் தபால் போகும் வழி அடைந்துவிட்டது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த்திலிருந்து நேராக இலங்கை! காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கல என்ற ஊரில் உள்ள ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் இருந்தது. பெர்த்திலிருந்து கொக்கலவுக்கு சுமார் 5,650 கி.மீ. நடுவில் இந்தியப் பெருங்கடல் மட்டும்தான். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் நிற்காமல் பறந்த பயணிகள் விமான சர்வீஸ் வேறு எதுவும் இல்லை. தவிர, பாதையின் ஒரு பகுதி ஜப்பானிய விமானங்கள் சுற்றிவரும் இடம்.

1943 ஜூனில் கேட்டலினா என்ற நீர்விமானங்களை வைத்து குவாண்டாஸ் இதைத் தொடங்கியது. மொத்தம் ஐந்து விமானங்கள். ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயர்: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரஸ், ஸ்பைக்கா. பெயர்ப் பொருத்தம் சும்மா இல்லை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ரேடியோவை மௌனமாக வைத்திருந்தார்கள். ராத்திரியில் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை கணித்தார்கள். எதிரி நடமாட்டம் உள்ள பகுதியை இருட்டில் கடக்கும்படி கிளம்பும் நேரத்தை அமைத்தார்கள்.

கேட்டலினா மெதுவான விமானம். மணிக்கு 200 கி.மீ. சொச்சம்தான். பயணம் 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை நீண்டது. ஒரு நாளைத் தாண்டி வானத்திலேயே இருந்ததால் உள்ளே இருந்தவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். 'இரட்டைச் சூரிய உதயம்' என்று அந்த சர்வீஸுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதய ரகசிய அணி' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

விமானம் சுமந்த சுமையில் பெரும்பகுதி எரிபொருள்தான். அது போக மிச்சம் எவ்வளவு ஏற்ற முடியும் தெரியுமா? மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்!

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். மூன்று டிக்கெட்டுக்காக 30 மணி நேரம் இரண்டு என்ஜினை ஓட்டுவதா? ஆனால் அந்த 69 கிலோவுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். போர்க்கால ராணுவத் தபால். கடிதங்களைச் சின்னஞ்சிறு ஃபிலிமில் படம் எடுத்துச் சுருட்டி அனுப்பும் முறை அப்போது இருந்தது. மூட்டை மூட்டையாகப் போக வேண்டிய காகிதம் ஒரு பைக்குள் அடங்கும். மாதக்கணக்கில் செய்தி இல்லாமல் காத்திருந்த ஒரு வீட்டுக்கு அந்தக் கடிதத்தின் விலையை எந்த லாப நஷ்டக் கணக்கில் எழுதுவது?

1945 ஜூலை வரை 271 தடவை அந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விபத்துகூட இல்லை. போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து கடனாக வந்த விமானங்கள் என்பதால் ஒப்பந்த விதிப்படி அவை கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

நாலு நாள், ஆறு ஊர்

1947 டிசம்பர் 1. சிட்னியிலிருந்து லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று 29 பயணிகள், 11 ஊழியர்களோடு லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிபோலி, கடைசியில் லண்டன். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவு தங்கல். மொத்தம் நாலு நாள். அதில் பறந்த நேரம் சுமார் 55 மணி. கங்காரு தாவித் தாவிப் போவது போல ஊர் ஊராகத் தாவியதால் 'கங்காரு வழித்தடம்' என்ற பெயர் நிலைத்தது.

போக வர டிக்கெட் 500 பவுண்டுக்கும் மேல். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் ஒரு வருடச் சம்பளம் முழுவதையும் சேர்த்தாலும் போதாது. அதே காலத்தில்தான் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேற லட்சக்கணக்கானோர் அரசு உதவியோடு வெறும் பத்து பவுண்டு கட்டிக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு அது பெரும்பாலும் ஒருவழிப் பயணம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால், கப்பலில் போய்ச் சேர ஐந்தாறு வாரம். விமானம் நாலு நாளில் போகும், ஆனால் காசு யாரிடம் இருந்தது? தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான். நேரம் மட்டும் பையில் இருக்கும் பணத்தைப் பொறுத்து மாறியது.

அதை மாற்றியது ஜெட் விமானம். 1959-ல் குவாண்டாஸ் போயிங் 707-ஐக் கொண்டுவந்தது. நாள் கணக்கு மணிக் கணக்கானது. 1971-ல் வந்த 747 இன்னொரு காரியம் செய்தது. இருக்கைகள் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு குறைந்தது. எழுபதுகள் முடிவதற்குள் சாதாரணக் குடும்பங்களும் ஊருக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டன. பயணக் கப்பல்கள் இந்த வழியிலிருந்து விடைபெற்றன. பின்னாளில் இலங்கைப் போரால் சிதறிய தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் லண்டனிலும் தங்கை சிட்னியிலுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ இந்த வழியில் போய்வர முடிகிறது என்றால் அது 747 போட்ட அடித்தளம்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. விமானங்கள் அதிகத் தூரம் பறக்கப் பறக்க, நடுவில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குவாலியர் ஏரியில் இன்று எந்த வெளிநாட்டு விமானமும் இறங்குவதில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகள் எல்லாம் இறங்கிய கல்கத்தாவின் டம்டம், இந்த வழியில் தவிர்க்க முடியாத நிறுத்தம் என்ற இடத்தை இழந்தது. கராச்சியும் அப்படியே. சிங்கப்பூர் மட்டும் தப்பித்தது. பெட்ரோல் போடும் இடம் என்பதிலிருந்து, ஆட்கள் விமானம் மாறும் இடம் என்று அது தன்னை மாற்றிக்கொண்டது.

20 மணி 9 நிமிடம்

1989 ஆகஸ்ட் 16. குவாண்டாஸ் புதிதாக வாங்கிய 747-400 ஒன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பியது. சிட்னி வரை எங்கும் நிற்காமல் போக வேண்டும் என்பது திட்டம். டிக்கெட் வாங்கிய பயணிகள் கிடையாது. சரக்கு கிடையாது. அடர்த்தி அதிகமான விசேஷ எரிபொருள் டேங்கில் நிரப்பப்பட்டது. ஓடுபாதை வரை போக எரிபொருளைச் செலவு செய்யக்கூடாது என்று வண்டி கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள்! 20 மணி 9 நிமிடத்தில் சுமார் 18,000 கி.மீ. பறந்து சிட்னியில் இறங்கியது. அந்த விமானம் 2015 முதல் சிட்னிக்குத் தெற்கே அல்பியன் பார்க்கில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சாதனைதான். ஆனால் ஆள் இல்லாமல் பறந்து என்ன பயன்? இங்கே எரிபொருள் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இருபதாவது மணி நேரத்தில் எரியப் போகும் எரிபொருளை முதல் பத்தொன்பது மணி நேரமும் சுமக்க வேண்டும். சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள்... கடன் வாங்கி வட்டி கட்டுவது மாதிரி. தூரம் கூடக்கூட வட்டி ஏறும். ஒரு கட்டத்தில் பயணிகளுக்கு இடமே இருக்காது. கேட்டலினாவில் மூன்று பயணிகள், 1989-ல் ஒருவரும் இல்லை. இரண்டும் ஒரே கணக்குதான்.

இந்தக் கணக்கில் தோற்ற கதையும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் சிங்கப்பூருக்கும் நியூயார்க் அருகிலுள்ள நியூவார்க்குக்கும் இடையே நிற்காத சர்வீஸ் தொடங்கியது. 15,300 கி.மீ.க்கு மேல். நான்கு என்ஜின் விமானம். எரிபொருள் விலை ஏறியதும் தாக்குப்பிடிக்க முடியாமல் 2013-ல் நிறுத்தினார்கள். 2018-ல் இரண்டே என்ஜின் உள்ள ஏ350 விமானத்தோடு மறுபடி தொடங்கினார்கள். அதில் இருக்கைகள் 161 மட்டும். சாதாரண வகுப்பே கிடையாது. அதாவது, நேரத்தை மிச்சப்படுத்துவதற்குப் பணம் கொடுக்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

மறுபடியும் சூரிய உதயம்

2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து லண்டனுக்கு குவாண்டாஸின் போயிங் 787 கிளம்பியது. 14,498 கி.மீ., சுமார் 17 மணி நேரம். ஆஸ்திரேலியாவும் ஐரோப்பாவும் நிற்காத பயணிகள் சர்வீஸால் இணைந்தது அதுதான் முதல்முறை. கேட்டலினா கிளம்பிய அதே பெர்த்.

2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு சோதனைப் பயணம். சுமார் 50 பேர் மட்டும். 17,800 கி.மீ., 19 மணி 19 நிமிடம். பைலட்டுகளின் மூளை அலைகளையும் பயணிகளின் தூக்கத்தையும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஏனென்றால் இப்போது சந்தேகம் என்ஜின் மேல் இல்லை. 20 மணி நேரம் ஒரே இருக்கையில் மனுஷ உடம்பு தாங்குமா என்பதுதான். திட்டத்தின் பெயர் 'சன்ரைஸ்'. கேட்டலினா ஆட்களின் நினைவாக வைத்த பெயர். 2022 மே மாதம் இதற்காகவே 12 ஏ350-1000 விமானங்களுக்கு குவாண்டாஸ் ஆர்டர் கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் டேங்க், இருக்கைகள் 238.

இப்போது மொத்தத்தையும் வரிசையாகப் பாருங்கள்:

1919 – 27 நாள் 20 மணி (டார்வின் வரை)
1935 – 12½ நாள் (பிரிஸ்பேன் – லண்டன்)
1938 – ஒன்பது, பத்து நாள்
1947 – 4 நாள்
1989 – 20 மணி 9 நிமிடம்
2019 – 19 மணி 19 நிமிடம்

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். முப்பது வருடத்தில் குறைந்தது வெறும் 50 நிமிடம்! 1959-க்குப் பிறகு பயணிகள் ஜெட் விமானங்களின் வேகம் பெரிதாகக் கூடவே இல்லை. 707-ம் மணிக்கு 900 கி.மீ.க்கு மேல் பறந்தது, ஏ350-ம் அப்படித்தான். கூடியது வேகம் அல்ல, நிற்காமல் போகும் தெம்பு. 1919-ல் 668 மணி நேரத்தில் 532 மணி தரையில். 1947-ல் நாலு நாளில் ஏறக்குறைய பாதி தரையில். 2019-ல் தரையில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஜெட் வந்த பிறகு நடந்த சண்டை முழுவதும் தரையில் நிற்கும் நேரத்தோடுதான்.

ஆனாலும் நிறுத்தங்கள் முழுசாகத் தோற்றுவிடவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்கள் பலவற்றுக்கு மூடப்பட்டது. நூல் பிடித்த அந்தக் குறுகிய வழியின் ஒரு பகுதி அதற்குள்தான் இருக்கிறது! 2024 ஏப்ரலில் ஈரான் பக்கம் பதற்றம் கூடியபோது, சுற்றிப் போக எரிபொருள் போதாமல் பெர்த் – லண்டன் விமானம் சிங்கப்பூரில் நின்று போக வேண்டியதாயிற்று. 1935-ல் இத்தாலிக்காக ரயில் ஏறியவர்கள் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம் என்று கேட்டால் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் இரண்டு எண்களைச் சொல்லிவிடும். முதல் எண் பூமி கொடுத்தது, மாறாது. இரண்டாவது எண் மனிதர்கள் போட்டது. அதில் என்ஜின் இருக்கிறது, எரிபொருள் விலை இருக்கிறது, நாடுகளின் சண்டை இருக்கிறது. 69 கிலோ கடிதத்துக்காக இரண்டு சூரிய உதயம் பார்த்தவர்களும், சேற்றில் புதைந்த விமானத்துக்குத் தங்கள் வீட்டுப் பாயை எடுத்துவந்து விரித்தவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.